மொபைல் கடைக் கவுன்ட்டரில் நிற்கும் தம்பி தங்கைகளுக்கு



இந்த மடல் உங்கள் முதலாளிக்கு இல்லை, போன் கம்பெனிகளுக்கும் இல்லை. காலையில் ஷட்டர் தூக்கியதிலிருந்து இரவு கணக்கு முடிக்கும்வரை கண்ணாடிக் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றுகொண்டே இருக்கும் உங்களுக்கு. கடைச் சம்பளத்தில் இருப்பவர்களுக்கும், கம்பெனி டி-ஷர்ட் போட்டுக்கொண்டு அந்தக் கம்பெனி போனை மட்டும் விற்க அனுப்பப்பட்ட பிரமோட்டர்களுக்கும் சேர்த்தேதான் எழுதுகிறேன். (கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்தைத் திருத்தினார்கள். நான் போகிற கடைகளில் அந்த நாற்காலியில் வாடிக்கையாளர்தான் உட்கார்ந்திருக்கிறார்.)

பேச நினைப்பது ஒரு விலைப் படியைப் பற்றி. 25,000 ரூபாயில் தொடங்கி 40,000 வரை. பத்தாயிரம் ரூபாய்க்குப் போன் கேட்டு வருபவருக்கு அந்தக் காசுக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று ஓரளவு தெரியும். லட்ச ரூபாய் போடுகிறவர் எதை வாங்கினாலும் பெரிதாக ஏமாற மாட்டார். நடுவில் இருப்பவர்தான் திண்டாடுகிறார். கல்லூரியில் சேரும் மகளுக்கு வாங்க வந்த அப்பா, தீபாவளி போனஸை அப்படியே கொண்டு வந்த பையன், இஎம்ஐ கார்டைப் பர்ஸில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் அக்கா. இவர்களிடம் நீங்கள் சொல்லும் முதல் வாக்கியம் எல்லாக் கடையிலும் ஒன்றுதான்: "சார், இது ஃபிளாக்ஷிப்ல வர்ற ஃபீச்சர் சார், இந்த ரேட்டுக்கே குடுக்குறாங்க."

கொடுக்கிறார்கள் என்பது உண்மை. எதை எடுத்துக்கொண்டு கொடுக்கிறார்கள் என்று ஒருவரும் சொல்வதில்லை.

கணக்கைப் பாருங்கள். 30,000 ரூபாய் போனில் 4,500 ரூபாய்க்கு மேல் ஜிஎஸ்டிக்கே போய்விடுகிறது. 2020 ஏப்ரலில் 12 சதவீதத்திலிருந்து 18 ஆக்கிய வரி அது. மிச்சமிருக்கும் 25,400 சொச்சத்தில்தான் டிஸ்பிளே, சிப், கேமரா, பேட்டரி, பெட்டி, கிரிக்கெட்டுக்கு நடுவே வரும் விளம்பரம், கடை லாபம், உங்கள் இன்சென்டிவ் எல்லாம் அடங்க வேண்டும். அதற்குள் ஒன்றைப் பெரிதாக வைத்தால் இன்னொன்றில் கை வைத்தே ஆக வேண்டும். கை வைப்பதில் தப்பே இல்லை. எங்கே வைத்தார்கள் என்று தெரிந்துவிட்டால், அது தனக்குச் சரிப்படுமா படாதா என்று வாங்குபவர் தானே முடிவு செய்துகொள்வார்.

உங்களில் கொஞ்சம் மூத்தவர்களுக்கு 2018 ஆகஸ்டில் வந்த போக்கோ எஃப்1 ஞாபகம் இருக்கும். அந்த ஆண்டின் உச்ச சிப்பான ஸ்னாப்டிராகன் 845, தொடக்க விலை 20,999. அதே சிப் வைத்த ஒன்பிளஸ் 6 அப்போது 34,999-இல் தொடங்கியது. பதினாலாயிரம் ரூபாயை எங்கே மிச்சம் பிடித்தார்கள்? பின்பக்கம் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக். அமோலெட்டுக்குப் பதில் எல்சிடி. கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஓஐஎஸ் கேமராவில் கிடையாது. நெட்ஃபிளிக்ஸ் மாதிரியான தளங்களை ஹெச்டியில் பார்க்கத் தேவையான வைட்வைன் எல்1 சான்றுகூட வாங்கும்போது இல்லை, அடுத்த ஆண்டு அப்டேட்டில்தான் வந்தது. ஆனாலும் அந்தப் போனில் ஒரு நேர்மை இருந்தது. வேகம் ஒன்றுக்காக மற்றதையெல்லாம் விட்டிருக்கிறார்கள் என்பது கையில் எடுத்த உடனே தெரிந்துவிடும். கேம் ஆடுகிற பையன் தெரிந்தே வாங்கினான்.

இப்போது வரும் நடுத்தர போன்களில் அந்த வெட்டு கண்ணுக்குத் தெரிவதில்லை. வெளியே தெரிகிற இடமெல்லாம் பளபளப்பு, கை வைத்ததெல்லாம் உள்ளே. 2024 ஜனவரியில் வந்த ரெட்மி நோட் 13 ப்ரோ பிளஸ்ஸையே எடுத்துக்கொள்வோம், இந்த ரகத்துக்கு அது நல்ல மாதிரி. 31,999-இல் தொடங்கியது. ஓரம் வளைந்த 120 ஹெர்ட்ஸ் அமோலெட், அதன்மேல் கொரில்லா கிளாஸ் விக்டஸ், ஐபி68, ஓஐஎஸ்ஸோடு 200 மெகாபிக்சல் கேமரா, பெட்டியிலேயே 120 வாட் சார்ஜர். ரெட்மி நோட் வரிசை இங்கே பத்தாயிரம் ரூபாய்க்குள் அறிமுகமான ஒன்று என்று நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது. திரையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அப்புறம் கேமராவில் அடுத்த லென்ஸுக்குப் போங்கள். அகலக் கோணத்துக்கு 8 மெகாபிக்சல். மேக்ரோவுக்கு 2. கல்யாண வீட்டில் முப்பது பேரை நிறுத்தி ஒரே படத்தில் அடக்க வேண்டுமென்றால் அந்த 8 மெகாபிக்சலைத்தான் நம்ப வேண்டும். மண்டப வெளிச்சத்தில் ஓரத்தில் நிற்கும் சித்தப்பா முகம் கரைந்துபோகும். 2 மெகாபிக்சல் மேக்ரோவுக்கு, பின்பக்கத்தில் வட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது தவிர வேறு வேலை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 200 மெகாபிக்சலும் நீங்கள் சொல்லும் கணக்கில் ஓடுவதில்லை. பதினாறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து, சாதாரணமாக எடுக்கும் படம் 12.5 மெகாபிக்சலாகத்தான் வெளியே வரும். நல்ல உத்திதான், இருட்டில் உதவும். அதற்காக "ஐபோன்லயே 48தான் சார்" என்று சொல்லி விற்பது நியாயமில்லை, தம்பி.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். ஆண்ட்ராய்டு 14 வெளியாகி மூன்று மாதம் ஆன பிறகு அந்தப் போன் ஆண்ட்ராய்டு 13-ஓடு வந்தது. மூன்று ஆண்ட்ராய்டு அப்டேட் தருவோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். அதில் முதலாவது, கடைக்கு வரும்போதே பின்தங்கியிருந்ததை ஈடுகட்டவே செலவாகிவிடும். பெட்டியின் மேல் இதையெல்லாம் அச்சடிக்க மாட்டார்கள்.

நத்திங் போன் 3ஏ ப்ரோ (2025 மார்ச், 29,999-இலிருந்து) வேறு வழியில் போனது. அதன் பெருமை 3 மடங்கு பெரிஸ்கோப் ஜூம், அதுவும் 50 மெகாபிக்சலில். பள்ளி ஆண்டு விழாவில் கடைசி வரிசையிலிருந்து மேடையில் ஆடும் பிள்ளையைப் படமெடுக்கும் அம்மாவுக்கு 200 மெகாபிக்சலைவிட இது பெரிது. ஈடாக விட்டது என்ன? அகலக் கோணம் இங்கேயும் 8 மெகாபிக்சல். தண்ணீருக்கு ஐபி64, அதாவது தெறித்தால் தாங்கும், முங்கினால் உத்தரவாதமில்லை. பெட்டியில் சார்ஜர் கிடையாது. சாம்சங் கேலக்ஸி ஏ55 (2024 மார்ச், 39,999) மூன்றாவது வழி: அலுமினியச் சட்டம், கண்ணாடி முதுகு, ஐபி67, 12 மெகாபிக்சல் அகலக் கோணம், நான்கு ஆண்ட்ராய்டு தலைமுறை, ஐந்தாண்டு பாதுகாப்பு அப்டேட். கை வைத்தது சார்ஜிங் வேகத்தில், 25 வாட்தான், அதற்கும் சார்ஜரைத் தனியாக வாங்க வேண்டும். ஜூம் லென்ஸும் இல்லை.

மூன்றில் எது சிறந்தது என்று என்னிடம் கேட்டால், யாருக்கு என்று திருப்பிக் கேட்பேன். மழையில் சாப்பாடு டெலிவரி ஓட்டுகிற தம்பிக்கு ஐபி எண் சோற்றுப் பிரச்சினை. போனை ஆறு வருடம் மாற்றவே போவதில்லை என்று தெரிந்த தாத்தாவுக்கு அப்டேட் கணக்குதான் எல்லாம். இரண்டு பேரிடமும் ஒரே 200 மெகாபிக்சலைச் சொல்லி என்ன பயன்? "யாருக்குங்க போன், எத்தனை வருஷம் வெச்சிருப்பீங்க" என்று நீங்கள் முதலில் கேட்டாலே பாதி மாடல்கள் தாமாக ஒதுங்கிவிடும்.

ராம் விஷயத்தை மட்டும் கோபமாகவே சொல்கிறேன். "16 ஜிபி ராம் சார்" என்கிறீர்கள். பில்லைப் பார்த்தால் 8 என்று இருக்கிறது. பாக்கி 8, போனின் சேமிப்பு இடத்திலிருந்து கடன் வாங்கிய 'விர்ச்சுவல்' ராம். அந்தச் சேமிப்பு எந்த ராமையும்விடப் பல மடங்கு மெதுவானது, இந்த விலையில் யூஎஃப்எஸ் 2.2 என்ற பழைய ரகமே இன்னும் வருகிறது என்றால் கேட்கவே வேண்டாம். போதாக்குறைக்கு, ஒதுக்கிய இடம் 128 ஜிபியில் குறையவும் செய்யும். தெரியாமல் சொல்பவர்களைச் சொல்லவில்லை. தெரிந்தே கூட்டிச் சொல்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்.

ஐபி68 பற்றியும் ஒரு வார்த்தை. சோதனை நடப்பது நல்ல தண்ணீரில், புதுப் போனில். ராமேசுவரத்துக் கடல் தண்ணீரையும் நீச்சல் குளத்துக் குளோரினையும் அந்தச் சோதனை அறியாது. உள்ளே பசை போட்டு அடைத்திருப்பதுதான் அந்தப் பாதுகாப்பு. ஒருமுறை டிஸ்பிளே மாற்றத் திறந்து சரியாக ஒட்டாமல் மூடினால் எண் பெட்டியில் மட்டும்தான் மிஞ்சும். தண்ணீர் புகுந்து கெட்டால் பெரும்பாலான கம்பெனிகளின் வாரன்ட்டியில் இடமில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். "தண்ணில போட்டாலும் ஒண்ணும் ஆகாது சார்" என்பதை "மழைல நனைஞ்சா பயப்பட வேணாம் சார்" என்று மாற்றிக்கொண்டால் போதும். விற்பனை குறையாது.

இதெல்லாம் யூடியூபிலேயே கிடைக்கிறதே, எங்களுக்கு எதற்கு மடல் என்று கேட்பீர்கள். விமர்சகருக்குப் போன் புதிதாக வருகிறது. சில நாள் வைத்திருந்து வீடியோ போட்டுவிட்டு அடுத்த போனுக்குப் போய்விடுகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்தப் பிழைப்பு அப்படி. ஆனால் மூன்று வருடம் ஓடிய போன் எந்தக் கதியில் இருக்கிறது என்று தினமும் கையில் எடுத்துப் பார்ப்பவர்கள் சர்வீஸ் மெக்கானிக்குகளும் நீங்களும்தான். எக்ஸ்சேஞ்சுக்கு வரும் போன் உங்கள் கவுன்ட்டருக்குத்தானே வருகிறது?

அதை வாங்கி நீங்கள் என்னவெல்லாம் செய்கிறீர்கள் என்று நான் வேடிக்கை பார்த்திருக்கிறேன். பவுச்சைக் கழற்றி ஓரத்தைத் தடவுகிறீர்கள். வெள்ளைத் திரை வைத்துப் பச்சைக் கோடு விழுந்திருக்கிறதா, பழைய படத்தின் நிழல் தங்கியிருக்கிறதா என்று சாய்த்துப் பார்க்கிறீர்கள். சார்ஜிங் பின் ஆடுகிறதா, ஸ்பீக்கர் கரகரக்கிறதா, பின்மூடி பேட்டரி உப்பித் தூக்கியிருக்கிறதா, கைரேகை எத்தனாவது முறையில் எடுக்கிறது, கேமரா திறக்க எவ்வளவு நேரம் ஆகிறது. ஆப்பில் ஒவ்வொரு கேள்விக்கும் ஆம், இல்லை என்று தட்டத் தட்ட விலை இறங்குகிறது. எதிரே நிற்பவரின் முகமும் இறங்குகிறது.

அந்த மேஜையில் நீங்கள் செய்வதுதான் போன் மதிப்பீடு. கவுன்ட்டரின் இந்த முனையில் பழைய போனுக்கு அவ்வளவு கறாராக இருப்பவர்கள், நாலடி தள்ளி அந்த முனைக்கு வந்ததும் புதுப் போனைப் பற்றி மெகாபிக்சலும் வாட்டும் மட்டும் பேசுகிறீர்கள். இன்று எக்ஸ்சேஞ்சுக்கு வரும் போனும் மூன்று வருடத்துக்கு முன்னால் இப்படியே, "பிரீமியம் சார்" என்று யாரோ விற்றதுதான். எந்த வரிசைப் போன் கோடு விழாமல் வருகிறது, எதில் பேட்டரி சாயங்காலம்வரைகூட நிற்பதில்லை, எது கடைசியாக எப்போது அப்டேட் வாங்கியிருக்கிறது, எதன் வளைந்த திரை கீழே விழுந்ததும் ஓரத்திலிருந்து வெடிக்கிறது என்று உங்கள் விரலுக்குத் தெரியும். இவ்வளவு பழைய போன்கள் எந்த விமர்சகர் கையிலும் வந்து சேராது.

பேட்டரியைப் பற்றி எந்தப் பெட்டியும் உண்மை பேசுவதில்லை. 5,000 எம்ஏஎச் என்பது வாங்கிய நாளின் எண். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி வந்திருக்கிறது: 800 முறை முழுதாக ஏற்றி இறக்கிய பிறகும் பேட்டரியில் 80 சதவீதமாவது மிஞ்ச வேண்டும். உதிரி பாகங்கள், அந்த மாடல் விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகள் கிடைக்க வேண்டும். கீழே விழுந்தால் தாங்குமா, பழுதுபார்க்கச் சுலபமா என்பதற்கு ஏ, பி, சி என்று தர எழுத்தைப் பெட்டியிலேயே ஒட்ட வேண்டும். நம் ஊரில் ஃபிரிட்ஜில் நட்சத்திரம் ஒட்டுவது போல் போனில் ஒட்டும் நாள் இன்னும் வரவில்லை. அதுவரை அந்த லேபிளின் வேலையை நீங்கள்தான் செய்ய முடியும்.

நீண்ட கால அப்டேட் வாக்குறுதியையும் எக்ஸ்சேஞ்ச் மேஜையில் வைத்துத்தான் எடை போட வேண்டும். பிக்சல் 8ஏவுக்கு (2024 மே, 52,999) கூகுள் ஏழு ஆண்டு அப்டேட் தருவதாகச் சொன்னது. இந்த விலைப் படிக்குச் சற்று மேலே இருக்கும் போன்தான், ஆனாலும் அந்த வாக்குறுதி மற்ற கம்பெனிகளையும் எண்ணைக் கூட்ட வைத்ததில் எனக்குச் சந்தோஷம். அதே வரிசையில் 2022-இல் வந்த 6ஏவில் என்ன நடந்தது? பேட்டரி சூடாகும் ஆபத்து இருப்பதாகச் சொல்லி, சில போன்களுக்கு 400 சார்ஜ் சுற்றுக்குப் பிறகு பேட்டரியின் கொள்ளளவையே குறைக்கும் அப்டேட்டை 2025 ஜூலையில் கட்டாயமாக அனுப்பினார்கள். பேட்டரியை இலவசமாக மாற்றித் தரவும் முன்வந்தார்கள், அதை மறைக்கக் கூடாது. மென்பொருளுக்கு ஏழு வருடம் என்பது சரி. அத்தனை வருடம் அந்தப் பேட்டரி நிற்குமா, நிற்காவிட்டால் நம் ஊரில் மாற்ற ஆள் உண்டா, என்ன செலவு? சில கம்பெனிகள் டிஸ்பிளே, பேட்டரி விலையைத் தங்கள் தளத்தில் போட்டிருக்கின்றன. அந்தப் பக்கத்தைக் கடை போனில் திறந்து, வளைந்த அமோலெட்டை மாற்ற எவ்வளவு என்று வாங்குபவருக்குக் காட்டிவிடுங்கள். தட்டைத் திரை கேட்டு வாங்குபவர்கள் அன்றே கூடிவிடுவார்கள். (வளைந்த திரைக்கு டெம்பர்ட் கிளாஸ் ஒட்ட நீங்கள் பசை ஊற்றி நீல விளக்கு காட்டும்போது அது ஸ்பீக்கர் ஓட்டைக்குள் இறங்கிவிடுமோ என்று நீங்களே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதையும் கவனித்திருக்கிறேன்.)

இதில் உங்கள் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. பிரமோட்டருக்கு மாத டார்கெட் இருக்கிறது. கம்பெனி அனுப்பிய பயிற்சி வீடியோவில் எந்த நான்கு வாக்கியங்களைச் சொல்லச் சொன்னார்களோ அவற்றைத்தான் சொல்ல வேண்டும், வாட்ஸ்அப் குரூப்பில் மேனேஜர் மணிக்கொருமுறை எண்ணிக்கை கேட்கிறார். "இந்த போன்ல அகலக் கேமரா சுமார்தாங்க" என்று சொல்லிவிட்டு மாதக் கடைசியில் யாரிடம் போய் நிற்பீர்கள்? அதனால் பிரமோட்டர்களிடம் நான் கேட்பது சிறியது: இல்லாததை இருப்பதாகச் சொல்லாதீர்கள், கேட்டால் மறைக்காதீர்கள். டெமோ போனில் கேமராவைத் திறந்து 0.6 என்ற பொத்தானை வாங்குபவரையே தட்டச் சொல்லி, கடையின் இருட்டு மூலையைப் படமெடுக்க விடுங்கள். மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார்.

கடைச் சம்பளத்தில் இருப்பவர்களிடம் கொஞ்சம் அதிகமாகக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். உங்களுக்கு எந்தப் பிராண்ட் போனாலும் கடைக்கு விற்பனை விற்பனைதான். ஒருவர் ஒரு மாடலைக் கையில் எடுத்து யோசிக்கும்போது, அதே வரிசையில் மூன்று வருடத்துக்கு முந்தைய மாடலை உங்கள் எக்ஸ்சேஞ்ச் ஆப்பில் போட்டு, நல்ல நிலையில் இருந்தால் இன்று எவ்வளவு தருகிறது என்று காட்டுங்கள். வாங்கிய விலையையும் பக்கத்தில் சொல்லுங்கள். அன்று வந்த பழைய போன் ஒன்று டிராயரில் இருந்தால் அதையும் எடுத்து மேஜையில் வையுங்கள். நீங்கள் ஒரு வார்த்தை தவறாகச் சொன்னதாக எந்தக் கம்பெனியும் புகார் செய்ய முடியாது, ஏனென்றால் நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அந்தக் கூட்டத்தில் தண்ணீர் குடிக்கவே உங்களுக்கு நேரம் கிடைக்காது. செவ்வாய்க்கிழமை மதியம் தொடங்கிப் பாருங்கள். செவ்வாயில் புதுப் பொருள் வாங்கக் கூடாது என்று பாதிப் பேர் விலை விசாரிக்க மட்டும்தான் வருவார்கள். டார்கெட்டும் கெடாது, பேசவும் நேரம் இருக்கும். புதன்கிழமை அவர்களில் எத்தனை பேர் உங்களையே தேடி வருகிறார்கள் என்று பாருங்கள்.

அன்புடன்,
ஒரு வாடிக்கையாளர்